சைக்காலஜி படிச்சா டாக்டரா? தாம்பரம் பக்கம் பி.எஸ்சி. உளவியல் சேரும் முன் தெரிய வேண்டியது என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் இருக்கிற கலை, அறிவியல் கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்க கூட்டம் கூடிவிடும். பி.காம்., பி.சி.ஏ. என்று கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே, "சைக்காலஜி சீட் இருக்கா சார்?" என்ற குரலும் இப்போது கேட்கிறது.

அப்பாவுக்கு உடனே ஒரு சந்தேகம்: "அது படிச்சா டாக்டரா?" அம்மாவுக்கு வேறு கவலை: "மெண்டல் ஆஸ்பத்திரியிலதான் வேலை கிடைக்குமா?" பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "அப்போ என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பார்ப்போம்" என்பார். உளவியல் படிக்கும் ஒவ்வொருவரும் முதல் வருஷத்தில் குறைந்தது பத்து தடவை சந்திக்கிற கேள்வி இது.

பதில் சுருக்கமாக இதுதான். 3 வருஷ பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் டாக்டர் ஆக முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்கவும் முடியாது. ஆனால் அந்த இடத்துக்குப் போகிற பாதையின் முதல் கதவு இதுதான். கதவையே வீடு என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் "இப்போ என்ன பண்றது?" என்று நிற்கிறவர்கள் நிறைய. அந்தக் குழப்பம் வராமல் இருக்க, சேரும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூணு பேர், மூணு வேலை

'மனசு சரியில்ல' என்று ஒருவர் போனால், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதிலேயே பெரும்பாலான வீடுகளில் தெளிவு கிடையாது.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்றவர். மாத்திரை எழுதித் தரும் உரிமை அவருக்கு இருக்கிறது. இந்த வழிக்கு நீட் எழுதியாக வேண்டும். பி.எஸ்சி. உளவியலிலிருந்து நேராக அங்கே போக முடியாது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை தர மாட்டார். நுண்ணறிவு, நினைவாற்றல், ஆளுமை போன்றவற்றை முறைப்படி சோதித்து அறிக்கை தருவது, பேச்சு வழியான சிகிச்சை அளிப்பது அவர் வேலை. இந்தியாவில் இந்தப் பெயரோடு வேலை பார்க்க, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும்.

மூன்றாவது ஆள், கவுன்சிலர். பள்ளியில், கல்லூரியில், தொண்டு நிறுவனத்தில், ஐ.டி. கம்பெனியில் இருப்பவர். சிக்கலே இந்த மூன்றாவது பெயரில்தான். நீண்ட காலமாக 'கவுன்சிலர்' என்று போட்டுக்கொள்ள இன்ன படிப்புதான் வேண்டும் என்ற உறுதியான கட்டுப்பாடு நடைமுறையில் இல்லை. இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவரும், ஐந்து வருஷம் படித்தவரும் ஒரே பெயரில் விளம்பரம் செய்ய முடிந்தது.

விளைவு என்ன? ஒரு உதாரணம். படிப்பில் பின்தங்கும் ஒரு குழந்தைக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பினே-காமத், மாலின் போன்ற சோதனைகள் இங்கே பரவலாகப் பயன்படுபவை. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் குழந்தைக்கு அறிவுசார் குறைபாடா, கற்றல் குறைபாடா என்று முடிவு செய்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எந்தப் பள்ளி என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். சோதனையைத் தப்பாக நடத்தி, தப்பாகக் கூட்டிப் போட்ட ஒரு தாள் அந்தக் குழந்தையின் பத்து வருஷத்தை மாற்றிவிடும். அதனால்தான் இந்தத் துறையில் 'யார் படித்தவர், எவ்வளவு படித்தவர்' என்ற கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 1992-ம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழில் செய்தால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992-ல் போட்ட தொகை அது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் வரும் அபராதமும் அதே 1,000 ரூபாய்தான்.

தாம்பரத்துக்கும் சைக்காலஜிக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பகுதியில் உளவியல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் எம்.சி.சி. எனப்படும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் நகருக்குள் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கல்லூரி இது. இப்போது அங்கே பி.எஸ்சி. சைக்காலஜி இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் சுற்றிலும் இருக்கிற சின்ன சுயநிதிக் கல்லூரிகளையும் தனியார் பல்கலைக்கழகங்களையும் தேடிப் போகிறார்கள். நகருக்குள் பிரசிடென்சி, டபிள்யூ.சி.சி. போன்ற கல்லூரிகளிலும் உளவியல் துறை உண்டு.

ஒரு காலத்தில் உளவியல் தனிப் பாடமாகவே இல்லை. தத்துவத் துறைக்குள் ஒரு தாளாகத்தான் இருந்தது. எம்.சி.சி.யில் தத்துவம் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன், ஆம், பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே ராதாகிருஷ்ணன், 1912-ல் உளவியலின் அடிப்படைகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டார். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றது சைதாப்பேட்டையில். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகிற அதே ரயில் பாதையில் இருக்கிற சைதாப்பேட்டைதான்.

இந்தியாவில் உளவியல் தனித் துறையானது கல்கத்தா பல்கலைக்கழகத்தில், 1916 வாக்கில். அடுத்து 1924-ல் மைசூர். அங்கே துறையைத் தொடங்கிய கோபாலசாமி, 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தையும் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-ல் வந்தது.

வகுப்புல என்னதான் சொல்லித் தருவாங்க?

சினிமாவில் வருகிற மாதிரி சோபாவில் படுக்க வைத்துக் கனவைக் கேட்பது எதுவும் முதல் வருஷத்தில் கிடையாது. பொது உளவியல், மூளையும் நரம்பும் பற்றிய உயிரியல் பாடம், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சி, சமூக உளவியல், பிறகு மனநலக் கோளாறுகள், கவுன்சலிங் அறிமுகம், ஆய்வு முறைகள் என்று போகும். புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மார்கன்-கிங், ஹர்லாக் போன்றவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் கனமான புத்தகங்கள்.

ரொம்பப் பேரைத் தூக்கிவாரிப் போடுவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். 'மேத்ஸ் வேண்டாம்னுதான் இங்க வந்தேன்' என்று சேர்ந்தவர் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட் என்று மறுபடியும் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். இதைத் தவிர்க்க வழியே இல்லை. ஒரு குழந்தையின் ஐ.க்யூ. 85 என்று எழுதினால், அந்த 85 அதே வயதுள்ள மற்ற குழந்தைகளின் வரிசையில் எங்கே விழுகிறது என்று சொல்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் வேண்டும். இந்தச் சோதனைகளில் சராசரி 100. ஒரு திட்ட விலக்கம் பொதுவாக 15 அல்லது 16. அது புரியாதவர் கையில் 85 என்பது ஒரு எண். புரிந்தவருக்கு, சராசரியைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிற, ஆனால் குறைபாடு என்று சொல்லிவிடக் கூடாத ஒரு குழந்தை.

சுவாரசியம் பிராக்டிகலில் இருக்கிறது. சில சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஸ்கெட்ச் பென் எடுத்து 'சிவப்பு' என்ற வார்த்தையைப் பச்சை மையில் எழுதுங்கள். 'நீலம்' என்பதை மஞ்சளில். இப்படி இருபது வார்த்தை. பிறகு ஒருவரிடம் கொடுத்து, எழுத்தைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். படிக்கப் பழகிய மூளை, வேண்டாம் என்றாலும் படித்துவிடும். 1935-ல் இதை ஆய்வாக வெளியிட்ட ஸ்ட்ரூப் பெயரிலேயே சோதனையும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தமிழ் எழுத்து தெரியாத ஒருவருக்கு இதே தாளைக் கொடுத்தால் தடுமாற்றம் வராது.

இன்னொன்று, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது. கையை நேராகப் பார்க்காதபடி ஒரு அட்டையால் மறைத்துவிடுவார்கள். எதிரே இருக்கிற கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சிலை நகர்த்த வேண்டும். முதல் தடவை பென்சில் எங்கெங்கோ போகும். வலது கையால் பத்துத் தடவை பழகிவிட்டு இடது கையால் வரைந்தால், பழகாத அந்தக் கையும் முன்பைவிட நன்றாக வரையும். ஒரு கை கற்றதை இன்னொரு கையும் வாங்கிக்கொள்கிறது. பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி யோசிக்கிற இடத்தில் இந்தச் சின்ன விளையாட்டு நினைவுக்கு வரும்.

1889-ல் முல்லர்-லையர் கண்டுபிடித்த அம்புக்குறிக் கோட்டுச் சோதனையும் நிறைய இடங்களில் செய்ய வைக்கும் ஒன்று. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் தப்பு செய்தோம் என்று அளந்து, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று திருப்பித் திருப்பிச் செய்து, சராசரி போட்டு ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். 'தெரிஞ்சும் கண்ணு ஏமாறுது' என்பதை அளந்து பார்த்த பிறகு, 'நான் என் கண்ணால பார்த்தேன்' என்று அடித்துப் பேசுகிறவரை மாணவர் கொஞ்சம் வேறு மாதிரிதான் பார்ப்பார்.

வகுப்பில் இன்னொன்றும் நடக்கும். மனச்சோர்வு பாடம் எடுக்கும்போது எல்லாருக்கும் மனச்சோர்வு இருப்பது போலத் தோன்றும். அடுத்த வாரம் பதற்றக் கோளாறு. அதற்கடுத்த வாரம் வீட்டில் இருக்கிற தாத்தாவுக்கும், சண்டை போட்ட தோழிக்கும் நோய் பெயர் வைப்பார்கள். மருத்துவ மாணவர்களுக்கும் வருகிற பழக்கம்தான் இது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சிலர் நிஜமாகவே தன் வலிக்கு விடை தேடித்தான் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகம் சிகிச்சை ஆகாது. வகுப்பு எடுக்கிற பேராசிரியரே தன் மாணவருக்குத் தெரபிஸ்டாகவும் இருப்பது தொழில் நெறிப்படி சரியான ஏற்பாடு இல்லை. வெளியே ஒருவரிடம் போவதுதான் சரி.

சின்ன காலேஜ் என்றால் நஷ்டமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஆசிரியருக்கு எல்லார் பெயரும் தெரியும். யார் மூன்று நாளாக வரவில்லை என்பதும் தெரியும். பிராக்டிகலில் கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. துறையில் மொத்தமே இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருந்தால், ஒருவரே குழந்தை உளவியலும் எடுப்பார், ஸ்டாட்டிஸ்டிக்ஸும் எடுப்பார், மனநலக் கோளாறும் எடுப்பார். பாதி செமஸ்டரில் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பாடம் அந்தரத்தில் நிற்கும். சில இடங்களில் 'லேப்' என்ற பெயரில் பூட்டிய அலமாரி ஒன்றுதான் இருக்கும். பிராக்டிகல் செய்யாமலே முந்தைய வருஷ ரெக்கார்டைப் பார்த்து எழுதி முடிக்கிற பழக்கமும் இல்லாமல் இல்லை. டிகிரி வந்துவிடும். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்விலோ நேர்காணலிலோ 'இந்தச் சோதனையை நீங்க எப்படி நடத்துனீங்க?' என்று கேட்கும்போதுதான் தெரியும், மூன்று வருஷம் எங்கே போனது என்று.

நல்ல செய்தி என்னவென்றால், கல்லூரி சின்னதாக இருந்தாலும் ஊர் பெரியது. 1794-ல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகம் இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அதன் கண்காணிப்பாளராக இருந்த முதல் பெண் டாக்டர் சாரதா மேனன். 1984-ல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளுக்காக நகரில் இயங்குகிறது. இந்தப் பக்கம் ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில், பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இதுபோன்ற இடங்களில் பார்வையாளராகச் சில நாளாவது போய் வந்த மாணவருக்கும், புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும் பேச்சிலேயே வித்தியாசம் தெரியும். இன்டர்ன்ஷிப்பில் பி.எஸ்சி. மாணவர் செய்வது கவனிப்பது, குறிப்பெடுப்பது, உதவுவதுதான். 'பேஷன்ட்டை நீயே பாரு' என்று முதல் வாரமே விட்டால், அந்த இடத்திலிருந்து கிளம்பி வருவது நல்லது.

ஆங்கிலப் புத்தகம், தமிழ் நோயாளி

இந்தப் படிப்பில் அதிகம் பேசப்படாத விஷயம் மொழி. பாடம் ஆங்கிலத்தில். தேர்வு ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருகிற மாணவிக்கு முதல் செமஸ்டர் முழுக்க அகராதியோடுதான் போகும். அவர் தனக்குத் தகுதி இல்லையோ என்று நினைக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

ஆனால் எதிரே வந்து உட்காரப் போகிற மனிதர்கள் 'டிப்ரஷன்' என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "எதுலயும் பிடிப்பு இல்லம்மா" என்பார்கள். "நெஞ்சு அடைக்குது", "மனசு பாரமா இருக்கு", "படபடன்னு வருது", "ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன்" என்பார்கள். நெஞ்சு அடைப்பது இதயக் கோளாறா, பதற்றமா, போன மாதம் இறந்த தம்பியின் நினைவா? முதலில் டாக்டரிடம் அனுப்பி இ.சி.ஜி. பார்க்கச் சொல்ல வேண்டிய கட்டம் எது? 'காத்து கருப்பு அடிச்சிருச்சு' என்று ஒரு பாட்டி சொன்னால், சிரிக்காமல், மறுக்காமல், அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது?

பூந்தமல்லியிலோ கூடுவாஞ்சேரியிலோ வளர்ந்து, வீட்டில் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுப் பழகியவருக்கு இது பாதி தெரிந்த விஷயம். ஆங்கிலத்தில் தடுமாறினாலும் இந்தக் காது அவருக்கு இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தான் கேட்டு வளர்ந்த பேச்சையும் நோட்டில் எழுதி வைக்கிற மாணவர்கள், பிறகு களத்துக்குப் போகும்போது அதன் பலனைப் பார்க்கிறார்கள்.

தாம்பரத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. அந்த மருந்தை வாழ்நாள் முழுக்க, நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். அதைப் புரிய வைப்பதும், சோதனை முடிவைச் சொல்வதும், 'வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது' என்று கேட்பவரோடு உட்கார்ந்து பேசுவதும் மருந்து எழுதுவதைவிடச் சின்ன வேலை இல்லை. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அங்கே ஆலோசகர் வேலைக்கு உளவியல், சமூகப்பணி படித்தவர்களை எடுக்கிறார்கள். சைக்காலஜி படிப்பு ஊருக்குள் எங்கே பயன்படுகிறது என்று கேட்பவருக்குச் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினாலே பதில் இருக்கிறது.

லைசென்ஸ் வரைக்கும் எத்தனை வருஷம்?

வழக்கமான கணக்கு 3+2+2. பி.எஸ்சி. 3 ஆண்டு, உளவியலில் எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. 2 ஆண்டு, அதில் பொதுவாக 55 சதவீதம் மதிப்பெண், பிறகு ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. இந்தக் கடைசி 2 ஆண்டும் மருத்துவமனையில், மூத்தவர் மேற்பார்வையில். முட்டுக்காடு தேசிய நிறுவனம், போரூர் ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆகியவை சென்னையின் தெற்கு, மேற்கு ஓரத்தில் இந்தப் பயிற்சி தந்து வந்த இடங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதற்கு இதே போன்ற இலக்கணத்தைத்தான் தருகிறது.

இடம் மிகக் குறைவு. எம்.எஸ்சி. முடித்த எல்லாருக்கும் எம்.ஃபில். கிடைக்காது. இதைச் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது இந்தப் பாதையே மாறிக்கொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மனநலத் துறையில் ஆள் பற்றாக்குறை இருப்பதால், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தது. ஆக, இன்றைக்கு பி.எஸ்சி. முதல் வருஷம் சேருகிறவர் எம்.எஸ்சி. முடிக்கும்போது பழைய எம்.ஃபில். பாதை அப்படியே இருக்கும் என்று நம்பிச் சேரக் கூடாது. மறுவாழ்வு கவுன்சில் 4 ஆண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி என்ற தனிப் படிப்பையும் அறிமுகப்படுத்தியிருக்கிறது. இது சாதாரண பி.எஸ்சி. சைக்காலஜி அல்ல. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று யாராவது அட்மிஷன் மேஜையில் சொன்னால், கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே போனில் பார்த்துவிடலாம்.

தபால் வழியில் படிக்கலாமா?

இது ரொம்ப முக்கியம். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2021-ம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் உளவியலும் வருகிறது. அந்தச் சட்டத்தில் அடங்கும் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இன்னமும் 'வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

வேலைக்குப் போகிற பெண்கள், குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்தவர்கள் ஆகியோருக்கு இது பெரிய அடி என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் மனிதர்களை நேரில் பார்க்காமல், ஒரு சோதனையைக்கூடக் கையால் நடத்தாமல் உளவியல் பட்டம் வாங்குவது எப்போதுமே கேள்விக்குரியதாகத்தான் இருந்தது.

பி.எஸ்சி. மட்டும் போதும் என்பவர்களுக்கு?

எல்லாரும் 7 வருஷம் படிக்கப் போவதில்லை. வீட்டு நிலைமை விடாது. பி.எஸ்சி.யோடு நிற்பவர்கள் ஐ.டி., பி.பி.ஓ. நிறுவனங்களின் ஹெச்.ஆர். பிரிவுக்குப் போகிறார்கள். சிலர் சிறப்புப் பள்ளிகளில், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவும் 'ஷேடோ டீச்சர்' ஆகிறார்கள். தொண்டு நிறுவனக் கள வேலை, சந்தை ஆய்வு என்றும் வழி உண்டு. எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. பக்கம் திரும்புகிறவர்களும் அதிகம். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் உளவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தேவை இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பான்மையானவர்களுக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஒரு கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. அது முழுமையாக அமலானால், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இருக்கிற பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர்களுக்கே எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் 'தகுதி பெற்ற' என்ற சொல் அங்கேயும் இருக்கிறது.

அட்மிஷன் மேஜையில் என்ன கேட்கலாம்?

பணம் கட்டும் முன், லேபைத் திறந்து காட்டச் சொல்லலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. துறையில் நிரந்தரமாக எத்தனை பேர், அவர்களில் நெட், செட் அல்லது பிஹெச்.டி. முடித்தவர்கள் எத்தனை பேர், இன்டர்ன்ஷிப்புக்குக் கல்லூரியே கடிதம் தருமா, அல்லது மாணவரே அலைய வேண்டுமா என்று கேட்கலாம். போன வருஷம் முடித்தவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா என்று கேட்டால் இன்னும் நல்லது. அவர்களிடம், "ஸ்டாட்ஸ் யாரு எடுத்தாங்க?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், அந்தத் துறையின் முக்கால்வாசிக் கதை அதில் வந்துவிடும். கல்லூரியில் மாணவர்களுக்கென்று கவுன்சிலர் இருக்கிறாரா என்பதையும் விசாரிக்கலாம். உளவியல் சொல்லித் தருகிற கல்லூரியில் அந்த நாற்காலி காலியாக இருந்தால், ஏன் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

மன அழுத்தத்தில் இருப்பவர்கள், தற்கொலை எண்ணம் வருபவர்கள் தொடர்புகொள்ள: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசு உதவி எண் 104, சிநேகா 044-24640050.